உளி வெட்டுகிறதா, தோள் வெட்டுகிறதா? கைக்கருவிகளோடு முதல் மணை செய்வது வரை

தச்சு வேலை பழக ஆசைப்பட்டு இரும்புக்கடைக்குப் போகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், தேவைப்படாத பத்துக் கருவிகளை வாங்கி வருவதுதான். நானும் வாங்கினேன். ஆறு உளிகள் அடுக்கிய பெட்டி ஒன்று, குமிழி வைத்த இரண்டடி நீள ரசமட்டம், மூன்று வகை ரம்பம். சாணைக்கல்லை மட்டும் வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த வயதான தச்சர் ஒருவரிடம் போய், எனக்கு இந்த வேலைக்குக் கை வரவில்லை என்று புலம்பினேன். நான் கொத்திக் குதறியிருந்த துளையைப் பார்த்தார். உளியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்தார்; அது வழுக்கிக்கொண்டு போனது. "தம்பி, உளி வெட்டவில்லை. உன் தோள்தான் வெட்டுகிறது" என்றார்.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை சற்றுத் தலைகீழாக இருக்கும். முதலில் கூர், பிறகு மட்டம், கடைசியில்தான் வடிவம். மரத்தை மட்டமாக்குவதையும் செதுக்குவதையும் முதலில் பழகிவிட்டு, தீட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இடையிலேயே விட்டுவிடுகிறார்கள். முடிவில் ஒரு மணை செய்யலாம். ஒரு பலகை, அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். ஆனால் மூன்று வேலைகளும் அதற்குள் வந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி ஒன்று. கடையில் 4, 5 என்று எண் சொல்லிக் கேட்டால் இரும்பு இழைப்புளி தருவார்கள். 4 என்பது ஏறத்தாழ 9 அங்குல நீளம், 5 என்பது ஏறத்தாழ 14 அங்குலம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 வாங்குங்கள். அடிப்பகுதி நீளமாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்காமல் மேடுகளின் மேலேயே ஓடிச் சீவும். குட்டை இழைப்புளி மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி, கோணல் பலகையை வழவழப்பான கோணல் பலகையாக்கித் தரும். பரணில் தாத்தா காலத்து மர இழைப்புளி கிடந்தால் அதை விறகாக்கிவிட வேண்டாம். ஆப்பு வைத்து அலகை, அதாவது சீவும் இரும்பை, இறுக்கும் அந்தப் பழைய வகை, பழகிவிட்டால் இரும்பைவிடக் கைக்கு லேசு.

உளி இரண்டு போதும்: 4 நூல், 8 நூல். நம் பட்டறைக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல்; ஆக ஒன்று அரை அங்குல அகலம், இன்னொன்று ஓர் அங்குல அகலம். உளியை அடிக்கக் கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல் வேண்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் மரப்பிடி நாளடைவில் தலை விரிந்து பிளக்கும். கொட்டாப்புளிக்குப் புளியங்கட்டையை மிஞ்ச ஒன்றில்லை. மூலை செங்கோணமா என்று பார்க்க ஒரு மூலமட்டம், ஒரு கைரம்பம், ஒரு பென்சில், ஒரு கூரிய கத்தி. அப்புறம் சாணைக்கல்: ஒருபக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமாக வரும் இரட்டைக் கல்லே தொடக்கத்துக்குப் போதும். கூடவே 220, 400, 800, 1500 எண்களில் வாட்டர் பேப்பர் ஒவ்வொரு தாளும், கிரானைட் கடையில் கழித்துப் போட்ட வழவழப்பான துண்டு ஒன்றும்.

அந்தச் சாணைக்கல்லுக்கு ஒரு கதை உண்டு. சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாம்பல் கறுப்பாக இருக்கும் அந்தக் கல் சிலிக்கன் கார்பைடால் ஆனது. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் செயற்கை வைரம் செய்யப் போய் இதைக் கண்டுபிடித்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணி, 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அந்தக் 'கொரண்டம்' வேறெதுவும் இல்லை, நம் குருந்தக்கல்தான். ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் கல் அது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. குருந்தக்கல் பொடியை அரக்கில் பிசைந்து சக்கரமாக வார்த்துச் சாணை பிடிப்பது இந்த நாட்டின் பழைய முறை. 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, கடல் கடந்து போன குருந்தம் பாதிப் பெயரை மாற்றிக்கொண்டு திருவொற்றியூருக்கே வந்து சேர்ந்தது.

கூர் தீட்டுதல்

புதிதாக வாங்கிய உளி கூராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடையில் தருவது உளியின் உருவம் மட்டுமே. கூரை நாம்தான் ஏற்ற வேண்டும்.

உளிக்கு இரண்டு முகங்கள் உண்டு. சரிவாகச் சீவியிருக்கும் பக்கத்தைப் பட்டை என்றும், தட்டையான பக்கத்தை முதுகு என்றும் இங்கே சொல்கிறேன். இந்த இரண்டும் சந்திக்கும் கோடுதான் கூர். புதிதாக வருகிறவர்கள் பட்டையை மட்டும் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். முதுகு கோணலாக இருந்தால், பட்டையை ஒரு வாரம் தேய்த்தாலும் கூர் வராது.

முதலில் முதுகு. கிரானைட் துண்டின் மேல் தண்ணீர் தெளித்து 220 எண் தாளை ஒட்டுங்கள். உளியின் முதுகைத் தாளில் படுக்க வைத்து, விரலால் அழுத்தி, முனையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தேய்க்க வேண்டும். கைப்பிடியைத் துளிகூடத் தூக்கக் கூடாது; தூக்கினால் முனை உருண்டுவிடும். நாலைந்து தேய்ப்புக்குப் பிறகு திருப்பிப் பார்த்தால் தேய்ந்த இடம் மங்கலாகவும், தேயாத பள்ளம் பளபளப்பாகவும் தெரியும். முனையோரம் முழுதும் ஒரே நிறம் ஆகும் வரை தேய்த்து, பிறகு 400, 800, 1500 என்று ஏறுங்கள். முதுகில் உங்கள் முகம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். ஓர் உளிக்கு அரை மணி நேரம் ஆகலாம், அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இது அந்த உளியின் ஆயுளுக்கும் ஒரே ஒருமுறை செய்கிற வேலை.

அடுத்தது பட்டை. பொது வேலைக்கு 25 முதல் 30 டிகிரி சரிவு சரி. கோணமானி தேவையில்லை. பட்டையின் நீளம் உளியின் தடிப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி. இரண்டேகால், இரண்டரை மடங்கு என்று நீண்டால் 25க்குப் பக்கம். சரிவு குறையக் குறைய நயமாக வெட்டும், ஆனால் முனை சீக்கிரம் சிதையும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத் துளை போடும் உளிக்கு 30, கையால் தள்ளிச் சீவும் உளிக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாணைக்கல்லை நனைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ மண்ணெண்ணெயோ, ஏதாவது ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்குப் பிடித்துக் கல்லின் கண்களை அடைத்துவிடும். பட்டையைக் கல்லின் மேல் வைத்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால், பட்டை முழுதும் கல்லில் உட்காரும் இடம் கைக்குத் தெரியும். அந்தக் கோணத்திலேயே மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு, உடம்பை முன்பின்னாக அசைத்துத் தேய்க்க வேண்டும். மணிக்கட்டு ஆடினால் பட்டை ஆமை ஓடு மாதிரி உருண்டுவிடும்.

எப்போது நிறுத்துவது? முதுகுப் பக்கத்திலிருந்து முனையை நோக்கி விரலை வெளிப்புறமாக வருடினால், ஒரு மெல்லிய பிசிர் தட்டுப்படும். பட்டை முனைவரை தேய்ந்து, இரும்பு மறுபக்கம் மடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பிசிர் வந்த பிறகே கல்லைத் திருப்பி நயப்பக்கத்துக்குப் போக வேண்டும். பாதிப் பிசிரோடு போனால் பாதிக் கூர்தான். நயப்பக்கத்தில் பட்டையைப் பத்துத் தேய்ப்பு, பிறகு முதுகைப் படுக்க வைத்து இரண்டு தேய்ப்பு, மறுபடி பட்டை ஐந்து, முதுகு ஒன்று. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முனையைப் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிரும் உதிர்ந்துவிடும். முன்னோக்கித் தள்ளினால் பெல்ட் இரண்டாகும்.

சோதனைக்கு ஒரு மென்மரக் கட்டையின் வெட்டுமுகத்தை, அதாவது ரம்பம் குறுக்காக அறுத்த பக்கத்தை, உளியால் மெல்லச் சீவிப் பாருங்கள். கூர் இருந்தால் சீவிய இடம் மெழுகு பூசினாற்போல மின்னும். இல்லாவிட்டால் நார்கள் நசுங்கி வெளிறிக் கிடக்கும். முழங்கை மயிரை மழித்துக் காட்டுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், மரம் சொல்வதே நம்பகமானது. இழைப்புளி அலகுக்கும் இதே முறைதான். அதன் இரண்டு மூலைகளையும் மட்டும் நூலிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால், இழைக்கும்போது பலகையில் கோடு விழாது.

மின்சாரச் சாணையில் கொடுத்து வாங்கலாமே என்று தோன்றும். முனை உடைந்த உளிக்கு வேறு வழியில்லை, கொடுக்கலாம். ஆனால் முனையில் நீலம் ஏறிவிட்டதா என்று பாருங்கள். நீலம் ஏறினால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது என்று பொருள். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்துக் கழித்தால்தான் மறுபடி கூர் நிற்கும். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாள்மனையையும் கத்தியையும் தாராளமாகக் கொடுங்கள். உளியைக் கொடுக்க வேண்டாம்.

ரம்பத்துக்கு முப்பட்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்ட வேண்டும். அதைத் தொடக்கத்தில் தச்சரிடமே விட்டுவிடுங்கள். பல்முனைகள் மட்டும் கருநீலமாக இருக்கும் புதுவகை ரம்பங்கள் கடினமூட்டப்பட்டவை. அவற்றில் அரம் ஏறாது, மழுங்கினால் புதிது வாங்க வேண்டியதுதான்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன்: சாணைக்கல்லும் தேயும். நடுவில் குழி விழுந்த கல்லில் எந்த முதுகும் மட்டமாகாது. மாதம் ஒருமுறை அதே கிரானைட் துண்டில் 220 தாளை ஒட்டி, கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்து நிரவிக்கொள்ளுங்கள்.

மட்டம் பார்த்தல்

தமிழில் 'மட்டம்' என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. தரை சாயாமல் இருப்பதும் மட்டம், பலகை மேடுபள்ளம் இல்லாமல் இருப்பதும் மட்டம், மூலை செங்கோணமாக இருப்பதைப் பார்க்கும் கருவியும் மட்டம். பள்ளிக்குப் போகாமலிருப்பதும் மட்டம்தான், அது இங்கே வேண்டாம். இந்தக் குழப்பத்தால்தான் பலர் முதல் நாளே ரசமட்டம் வாங்குகிறார்கள். அது சுவரில் அலமாரி அடிக்க உதவும். பலகை இழைக்க அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் சாய்வாக வைத்த கண்ணாடியும் மட்டமான பரப்புதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒருமுறை சோதித்து வையுங்கள். ஓரிடத்தில் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள். குமிழி அறையின் அதே திசையில் அதே அளவு விலகினால் சாய்ந்திருப்பது தரை. வேறு இடத்துக்கு ஓடினால் பழுது கருவியில். பெயரில் ரசம் இருந்தாலும் உள்ளே பாதரசம் இல்லை, சாராயம் போன்ற திரவம்தான். நீளமான சுவரில் இரண்டு முனைகளுக்கு மட்டம் எடுக்க, கொத்தனார்கள் கையாளும் தண்ணீர்க் குழாயை நான் அதிகம் நம்புவேன். குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், தண்ணீர் தப்புச் சொல்லாது.

பலகைக்கு வருவோம். முதல் பலகைக்குத் தேக்கு வேண்டாம். விலை ஒருபுறம் இருக்க, தேக்குக்குள் இருக்கும் மணல்சத்து அலகைச் சீக்கிரம் மழுக்கும். வேம்பும் வேண்டாம், அதன் நார் மாறி மாறிப் பின்னியிருப்பதால் எந்தப் பக்கம் இழைத்தாலும் எங்கேயாவது பெயரும். பெட்டிக்குப் பயன்படும் பைன் பலகை நல்லது, மென்மை, நேர் நார். வெளிநாட்டுச் சரக்கு வந்த பெட்டியின் பலகை என்றால் அதில் முத்திரை இருக்கும். 'ஹெச்.டி.' என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றால் மீதைல் புரோமைடு புகை காட்டியது, தொட வேண்டாம். ஆணி இருக்கிறதா என்று விரலாலும் கண்ணாலும் தடவிப் பாருங்கள், ஓர் ஆணி போதும், அரை மணி நேரத் தீட்டல் வீண். நல்ல பலா கிடைத்தால் அதுவும் சரி.

18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலான தடிப்பு. பலகை வைக்க மேசை இல்லையென்றால் தரையே போதும். நம் தச்சர்கள் பலர் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அணைத்து வேலை செய்தவர்கள்தாம். ஒரு தடித்த கட்டையின் மேல் குறுக்காக ஒரு சட்டம் அடித்து, பலகையின் முனையை அதில் முட்டுக்கொடுத்துக்கொள்ளுங்கள்.

இழைக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, முறுக்கு. நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடி, முன்குச்சியின் மேல்விளிம்போடு பின்குச்சியைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இருந்தால் முறுக்கில்லை. ஒருபக்கம் தூக்கித் தெரிந்தால் அந்த மூலையும் அதற்குக் குறுக்கு மூலையும் உயர்ந்திருக்கின்றன. அவற்றில் பென்சிலால் கிறுக்கி வையுங்கள். இரண்டு, வாட்டம். பலகையின் பக்கவாட்டில் நார்க்கோடுகள் எந்தத் திசையில் மேலேறுகின்றனவோ அந்தத் திசையில்தான் இழைப்புளி போக வேண்டும். எதிர்வாட்டத்தில் போனால் அலகு நாருக்கு அடியில் நுழைந்து பிய்க்கும். கோடு பார்த்துப் புரியாவிட்டால் ஒருமுறை இழைத்துப் பாருங்கள், பூனையைத் தலைகீழாகத் தடவினாற்போல மரமே சொல்லிவிடும்.

அலகு எவ்வளவு நீட்டியிருக்க வேண்டும்? இழைப்புளியைக் கவிழ்த்து, முன்பக்கத்திலிருந்து அடிப்பரப்பின் ஓரமாகப் பார்த்தால் அலகு ஒரு மயிரிழைக் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும், இருபுறமும் ஒரே தடிமனில். இரும்பு இழைப்புளியில் திருகைச் சுற்றிச் சரிசெய்யலாம். மர இழைப்புளியில் சுத்தியல்தான்: அலகின் தலையில் மெல்லத் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்புறத்தில் தட்டினால் ஏறும், பிறகு ஆப்பை ஒரு தட்டு. அடிப்பரப்பில் மெழுகுவத்தியை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

முதலில் கிறுக்கி வைத்த உயர்ந்த மூலைகளை மட்டும் குறுக்குவாட்டில் இழைத்து இறக்குங்கள். குச்சிகளை வைத்து மறுபடி பாருங்கள். முறுக்குப் போன பிறகு பலகை முழுதையும் பென்சிலால் கிறுக்கிவிட்டு, வாட்டத்தில் நீளமாக இழையுங்கள். தொடங்கும்போது பாரம் முன்கையில், நடுவில் இரண்டிலும், முடியும்போது பின்கையில். இதை மாற்றினால் பலகையின் இரு முனைகளும் தேய்ந்து நடு உயர்ந்துவிடும். எல்லோருக்கும் முதல் பலகை அப்படித்தான் வரும். பென்சில் கிறுக்கல் மிச்சமிருக்கும் இடமே பள்ளம். நல்ல சுருள் தரையில் விழுந்தால் அதன் வழியே வெளிச்சம் தெரியும். தூளாக வந்தால் மறுபடி சாணைக்கல்.

ஒரு முகம் மட்டமானதும் அதையே ஆதாரமாக வைத்து ஒரு விளிம்பை மூலமட்டத்தோடு இழையுங்கள். மூலமட்டத்தையும் நம்பிவிட வேண்டாம். நேரான விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு கிழித்து, கவிழ்த்து வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. V போல விரிந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

வடிவம்

இரண்டு முனைகளையும் கோடு போட்டு அறுக்கும்போது, பென்சில் கோட்டின் மேல் கத்தியால் ஒருமுறை அழுத்திக் கீறிவிடுங்கள். கீறிய நார் ரம்பப் பல்லில் பிய்யாது. அறுத்த வெட்டுமுகத்தை இழைக்கும்போது ஓரத்திலிருந்து நடுவரை போய் நிறுத்தி, பிறகு மறு ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். ஒரே ஓட்டமாகத் தள்ளினால் கடைசி மூலை சிம்பாகப் பெயர்ந்து கையில் வரும்.

உளி வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: இரண்டு கைகளும் எப்போதும் கூருக்குப் பின்னால். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உளியைத் தள்ளி உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டவன் எழுதுகிறேன். பலகையைப் பிடிக்க முட்டுக்கட்டையும் காலும் இருக்கின்றன. நான்கு மூலைகளையும் உளியால் வெட்டி வளைவாக்கும்போது, வளைவின் நடுவிலிருந்து ஆரம்பித்து, மூலையில் மரம் பிய்யாதபடி எப்போதும் நீள விளிம்பிலிருந்து வெட்டுமுகத்தை நோக்கிச் சீவுங்கள். மெல்லிய சீவல்கள், அதிகப் பொறுமை. மேல்விளிம்பை இழைப்புளியை 45 டிகிரி சாய்த்து இரண்டு ஓட்டு ஓட்டி மழுக்கிவிட்டால் உட்காரும்போது தொடையில் குத்தாது.

அடிக்கட்டைகள் இரண்டும் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு. பலகையின் நாருக்குக் குறுக்காக, முனைகளிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். இங்கேதான் பல மணைகள் வெடிக்கின்றன. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அகலவாட்டில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். பசை போட்டு, மூன்று திருகாணியும் இறுக்கிவிட்டால் பலகை அசைய வழியில்லாமல் பிளந்துகொள்ளும். எனவே பசை வேண்டாம். நடுத் திருகாணியை இறுக்குங்கள். இரு ஓரத் துளைகளையும் கட்டையின் நீளவாட்டில் ஒரு நூல் நீட்டி, திருகாணியை அளவோடு முடுக்குங்கள். 1¾ அங்குலத் திருகாணி அடியிலிருந்து ஏறினால் பலகைக்குள் முக்கால் அங்குலம் போகும், மேலே எட்டிப்பார்க்காது. தலை கட்டைக்குள் புதையும்படி துளையின் வாயை அகலப்படுத்த மறக்க வேண்டாம், இல்லையென்றால் தரை முழுதும் கோடு.

வேலை முடிந்ததும் உளி, இழைப்புளி எல்லாவற்றின் இரும்பையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். கடலோர ஊர் என்றால் அன்றைக்கே, மறுநாள் என்று தள்ளாமல்.

இனி மணையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? அவசரப்பட்டு இழைப்புளியை எடுக்க வேண்டாம். தரை சாய்ந்திருந்தால் மணை ஆடாது, தரை மேடுபள்ளமாக இருந்தால்தான் ஆடும். நாலு இடத்தில் வைத்தும் ஆடினால் பழுது உங்கள் மணையில்தான். கிரானைட் கடையிலேயே வழவழப்பான பெரிய பலகைக்கல் கிடக்கும். கேட்டால் ஐந்து நிமிடம் விடுவார்கள். அதன் மேல் சாக்பீஸ் பொடியைத் தூவி, மணையை வைத்து ஓர் அங்குலம் முன்பின்னாக நகர்த்தி எடுங்கள். அடிக்கட்டைகளில் குறுக்காக எதிரெதிரே இரண்டு இடங்களில் வெள்ளை ஏறியிருக்கும். அந்த வெள்ளையை மட்டும் இழைத்து எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.